முதியோருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் எட்டும் வாடகையில், எளிதாகப் புழங்கத்தக்க வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருமானம் குறைந்த குடும்பங்களும் வயது முதிர்ந்தவர்களும் நிம்மதியாகக் குடியிருக்கத்தக்க வீடுகளை உருவாக்குவது பற்றிக் கூட்டுறவுச் சங்கங்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், கட்டடம் கட்டுவோர், வீடு தேடுவோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வாடகையும் எட்ட வேண்டும், வாசலும் எட்ட வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நிறைவேற்றிய வீடு பாதி வீடுதான் என்பதே கீழே உள்ள விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

கட்டுபடியாகும் வீடு என்பதற்கு அளவுகோல் என்ன?

குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்காகச் செலவாகக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1969 இல் செனட்டர் எட்வர்டு புரூக் கொண்டுவந்த சட்டத்திருத்தம், பொதுக் குடியிருப்புகளில் வசிப்போர் தம் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை தரவேண்டியதில்லை என்று வரம்பு வைத்தது. 1981 இல், அரசின் செலவைச் சுருக்குவதற்காக நிறைவேறிய ஒரு சட்டத்தின் வழியே அந்த வரம்பு 30 ஆக உயர்ந்தது. ஆகவே இதை மனிதத் தேவையை அளந்து கண்டுபிடித்த எண்ணாகக் கருதாமல், நிருவாக வசதிக்காக ஏற்றுக்கொண்ட எண்ணாகவே கருத வேண்டும்.

வருமானம் குறையக் குறைய இந்தக் கணக்குப் பொய்க்கிறது. நிறையச் சம்பாதிப்பவர் பாதியை வாடகைக்குக் கொடுத்தாலும் மீதியில் வாழ்ந்துவிடுவார். மிகக் குறைந்த ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி கால்பங்கை வாடகைக்குக் கொடுத்தாலும் மருந்துக்கும் உணவுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரலாம். அதனால் வாடகை போக மிஞ்சும் பணத்தில் அந்தக் குடும்பம் உண்டு, உடுத்து, மருந்து வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிகிறதா என்று பார்ப்பதே நேர்மையான அளவுகோல். விழுக்காட்டைத் திட்டமிடலுக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டை ஒதுக்கும்போது மிஞ்சும் தொகையையே பார்க்க வேண்டும்.

வாடகையைத் தவிர வேறு எவை வீட்டுச் செலவில் சேரும்?

மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம், வேலைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் போக்குவரத்துச் செலவு ஆகிய அனைத்தும் சேரும். வெயிலையும் குளிரையும் தடுக்காத சுவரும் கூரையும் கொண்ட வீட்டின் வாடகை குறைவாக இருந்தாலும், மின்கட்டணம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களை இது இரட்டிப்பாகப் பாதிக்கிறது.

எளிதாகப் புழங்கத்தக்க வீடு என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி வீடு என்று பொருளா?

இல்லை. இளமையில் போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், எல்லா வயதினரும் எல்லா உடல்நிலையினரும் எந்தத் தனி ஏற்பாடும் இல்லாமல் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பை முன்வைத்தார். அவரும் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய குழுவினரும் 1997 இல் அதற்கு ஏழு நெறிகளை வகுத்தார்கள். படியில்லாத வாசல் சக்கர நாற்காலிக்கு உதவுவதைப் போலவே குழந்தை வண்டியைத் தள்ளிவரும் தாய்க்கும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவருபவருக்கும், கால் முறிந்து ஆறு வாரம் கட்டுப்போட்டிருக்கும் இளைஞருக்கும் உதவுகிறது.

இதையொட்டிய இன்னொரு கருத்து, அட்லாண்டா நகரில் எலினார் ஸ்மித் என்ற செயற்பாட்டாளர் 1987 முதல் வலியுறுத்தியது. ஒவ்வொரு புதிய வீட்டிலும் படியில்லாத ஒரு வாசல், சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான உள்கதவுகள், தரைத்தளத்தில் ஒரு கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தாலே போதும், நடக்க இயலாத ஒருவர் அந்த வீட்டுக்கு விருந்தினராக வந்துபோக முடியும் என்பது அவர் வாதம். நம்மில் யாரும் தன் வீட்டுக்கு யார் வரக்கூடாது என்று எழுதி ஒட்டுவதில்லை. ஆனால் வாசலில் மூன்று படி வைக்கும்போது நம்மை அறியாமலேயே அதைத்தான் எழுதுகிறோம்.

முதியோரையும் குறைந்த வருமானக் குடும்பங்களையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பேச வேண்டும்?

முதல் காரணம், இவ்விரு பிரிவினரும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்கள் பலவற்றில் பாட்டியும் பேரக்குழந்தையும் ஒரே அறையில் படுத்துறங்குகிறார்கள். முதியோருக்கு ஓரறை வீடுகள், குடும்பங்களுக்கு ஈரறை வீடுகள் என்று தனித்தனி வளாகங்களாகக் கட்டினால் அந்தக் குடும்பத்தைப் பிரித்துவிடுகிறோம். பிறகு அந்த முதியவரைக் கவனிக்க ஆள் இல்லை என்று வேறொரு திட்டம் போடுகிறோம்.

இரண்டாவது காரணம், இருவருக்கும் தேவையானவை பக்கத்தில் இருந்தால் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது இயல்பாக நடக்கிறது. சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்ட்டி வளாகத்தில் முதியோருக்கான 104 சிறு வீடுகளும், மருத்துவ மையமும், உணவங்காடியும், குழந்தைகள் காப்பகமும், முதியோர் பகல்நேர மையமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. 2018 இல் உலகக் கட்டடக் கலை விழாவில் அது அவ்வாண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் உள்ள ஹியுமானிடாஸ் என்ற முதியோர் இல்லம் வேறு வழியைக் கண்டது. மாதம் 30 மணி நேரம் முதியவர்களுக்கு நல்ல அண்டைவீட்டாராக இருக்க ஒப்புக்கொள்ளும் மாணவர்களுக்கு அங்கே வாடகையில்லாமல் அறை கொடுக்கிறார்கள். மாணவருக்கு வாடகைச் சுமை குறைகிறது. முதியவருக்குப் பேச்சுத்துணை கிடைக்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அமைதியை விரும்பும் முதியவர்களும் இருக்கிறார்கள். ஒரே வளாகம் என்பதற்காக ஒரே தாழ்வாரத்தில்தான் எல்லாரும் வாழவேண்டும் என்பதில்லை. விளையாட்டுத் திடலின் பக்கம் சன்னல் உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்க விட்டுவிட்டால் பெரும்பாலான சச்சரவுகள் எழுவதே இல்லை.

ஒரு வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய ஏற்பாடுகள் யாவை?

தெருவிலிருந்து படுக்கைவரை ஒரு படிகூட ஏறாமல் வர முடிய வேண்டும். மற்றவை அனைத்தும் இதிலிருந்தே தொடங்குகின்றன. தரைமட்டத்தை உயர்த்தியே ஆகவேண்டிய இடத்தில் சாய்தளம் வேண்டும். பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1க்கு 12, அதாவது ஒரு மடங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம். 150 மிலிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாக 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. இந்தக் கணக்கு தெரியாமல் படிகளின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதைச் சாய்தளம் என்று காட்டும் கட்டடங்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அதில் ஏறவும் முடியாது, இறங்குவது அதைவிட ஆபத்து.

கதவு திறந்தபின் நிலைகளுக்கு இடையே குறைந்தது 815 மிலிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். குளியலறையிலும் சமையலறையிலும் சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1,500 மிலிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும், ஏனெனில் உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். உருண்டைக் கைப்பிடியைத் திருக மூட்டுவலி உள்ள கையால் இயலாது; அழுத்தினால் திறக்கும் நீளக் கைப்பிடியை முழங்கையாலும் திறக்கலாம். விளக்கின் சுவிட்ச் உட்கார்ந்தவர் கைக்கும் எட்ட வேண்டும், மின்செருகி குனியாமல் எட்ட வேண்டும்.

குளியலறைக்கு ஒரு பத்தி தனியாகத் தேவை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுவதால் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களே மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈரத் தரை, வழவழப்பான ஓடு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத சுவர் ஆகியவை ஒன்றுசேரும் இடம் குளியலறை. வழுக்காத தரை, விளிம்பில்லாத குளிக்கும் இடம், கழிப்பறை இருக்கையின் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடி ஆகியவை வேண்டும். தளர்ந்து சாயும் ஓர் உடலின் முழுப் பளுவையும் அந்தக் கைப்பிடி தாங்கவேண்டியிருப்பதால், துணி உலர்த்தும் கம்பியைப் போல வெற்று ஓட்டின்மேல் அதைத் திருகிவைக்கக் கூடாது. கட்டும்போதே சுவருக்குள் பலமான அடித்தாங்கல் வைத்துவிட்டால் கைப்பிடியை எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம்.

பலர் மறந்துவிடுவது வெளிச்சத்தை. 60 வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதானவருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். படியின் விளிம்பு படியின் நிறத்திலேயே இருந்தால் அந்தக் கண்ணுக்கு அங்கே படியே இல்லை. விளிம்பில் வேறு நிறப் பட்டை ஒன்றைப் பதிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இவ்வளவும் செய்தால் கட்டுமானச் செலவு கூடிவிடாதா? பிறகு எப்படிக் குறைந்த வாடகைக்குத் தர முடியும்?

வரைபட நிலையிலேயே சேர்த்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. அகலமான கதவுக்கும் குறுகிய கதவுக்கும் மரத்தில் உள்ள வேறுபாடு சிறிது. சுவிட்சை ஒரு சாண் கீழே வைப்பதற்குத் தனிச் செலவே கிடையாது. ஆனால் கட்டி முடித்தபின் ஒரு நிலையை அகலப்படுத்த வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும், மின்கம்பியை மாற்ற வேண்டும், மறுபடி பூச வேண்டும், அத்தனை நாளும் அந்தக் குடும்பம் வேறிடம் தேட வேண்டும். காகிதத்தில் ஒரு கோட்டை நகர்த்தும் வேலை, காரை இறுகியபின் மாதக்கணக்கான வேலையாகிறது.

உண்மையாகவே செலவைக் கூட்டுபவை இரண்டு: பல மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியும், குளியலறையின் கூடுதல் பரப்பும். இவற்றை மறைக்காமல் திட்டச் செலவில் எழுதிவிட வேண்டும். வாகன நிறுத்தத்துக்கென்று விதிகள் கட்டாயப்படுத்தும் இடத்தைக் குறைக்க அனுமதி பெற்றால் இந்தச் செலவில் ஒரு பங்கை அதிலிருந்தே ஈடுகட்டலாம். வாகனமே இல்லாத முதியவர்கள் குடியேறப்போகும் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் என்று கேட்பது, இல்லாத காருக்கு அவர்களிடம் வாடகை வாங்குவதாகும்.

மின்தூக்கியில் எங்கே தவறு நேர்கிறது?

இதற்குப் பலரறிந்த பாடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தது. 1954 இல் மக்கள் குடியேறத் தொடங்கிய புரூயிட்-ஐகோ குடியிருப்பில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் எழுந்தன. சிக்கனத்துக்காக மின்தூக்கிகள் 1, 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டும் நின்றன. மற்றத் தளங்களில் குடியிருந்தவர்கள் படியேறியோ இறங்கியோதான் வீட்டை அடைய முடிந்தது. கட்டுவதற்கு அரசு பணம் கொடுத்தது. பராமரிப்பை வாடகை வருமானத்திலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொன்னது. வறுமையில் உழன்ற குடும்பங்களின் வாடகை அதற்குப் போதவில்லை, குடியிருப்போரும் குறைந்துகொண்டே வந்தார்கள், கட்டடங்கள் பழுதடைந்தன. 1972 இல் அவற்றை இடிக்கத் தொடங்கினார்கள்.

சிங்கப்பூரிலும் பழைய வீடமைப்புக் கழகக் கட்டடங்களில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நின்றது. அங்கே 2001 இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே எல்லாத் தளங்களிலும் நிற்கும்படி மின்தூக்கிகளை மாற்றினார்கள். அதே குறையை ஒரு நகரம் இடித்துத் தள்ளியது, இன்னொரு நகரம் பணம் ஒதுக்கிச் சரிசெய்தது. மேல்தளங்களில் முதியவர்கள் வசிக்கும் கட்டடத்துக்குக் குறைந்தது இரண்டு மின்தூக்கிகள் வேண்டும், மின்தடையின்போது அவற்றில் ஒன்றாவது ஓட மாற்று மின்சாரமும் வேண்டும். பழுதான ஒற்றை மின்தூக்கி அங்குள்ள முதியவரைத் தன் வீட்டிலேயே சிறைவைத்துவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியில்தான் நல்லெண்ணத் திட்டங்கள் பலவும் நின்றுபோகின்றன. சிக்கல் எளிமையானது. கட்டவும் நிலம் வாங்கவும் ஆகும் செலவைக் கடனாக எடுத்தால், அந்தக் கடனின் தவணையையும் பராமரிப்பையும் ஈடுகட்டும் வாடகை ஒன்று உண்டு. வருமானம் குறைந்தவரால் தர முடிந்த வாடகை அதற்குக் கீழே இருக்கிறது. இந்தப் பள்ளத்தை யாராவது நிரப்பியே ஆக வேண்டும். சிக்கனமாகக் கட்டுவதால் பள்ளம் சுருங்கும், மறையாது.

வியன்னா நகரம் 1923 இல் வீடமைப்புக்கென்றே ஒரு வரி விதித்தது. சிறு வீட்டுக்குச் சிறு வரி, ஆடம்பர மாளிகைக்குப் பெரும் வரி என்று ஏறுமுகமாக அமைந்த அந்த வரியும் நகரத்தின் பிற வருவாயும் சேர்ந்து 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பின. 1930 இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் வளாகத்தில் மட்டும் 1,382 வீடுகள். கட்டுமானத்துக்கு நகரம் கடன் வாங்காததால் வாடகையில் வட்டிச்சுமை ஏறவில்லை. இன்றும் அந்நகரம் ஏறத்தாழ 2,20,000 வீடுகளுக்கு உரிமையாளராக இருக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1986 இல் வந்த வரிச்சட்டம், குறைந்த வருமானத்தினருக்கு வாடகை வீடு கட்டுவதில் முதலிடும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை தருகிறது. முதியோருக்கென 1959 முதலே அங்கே தனித்திட்டம் உண்டு. அதன்கீழ் இலாபநோக்கற்ற அமைப்புகள் வீடு கட்டும், குடியிருப்போர் தம் வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகத் தருவார்கள், மீதி நடப்புச் செலவை அரசு ஏற்கும். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுமானத்துக்கான பணம், நடத்துவதற்கான பணம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைச் செயின்ட் லூயிஸ் காட்டிவிட்டது.

நிலத்தின் விலையை எப்படிச் சமாளிப்பது?

நிலத்தை வீட்டிலிருந்து பிரித்துவிடுவது ஒரு வழி. சமுதாய நில அறக்கட்டளை என்ற முறையில் நிலம் என்றென்றும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். குடும்பம் வீட்டை மட்டும் வாங்கி, நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு, பெரும்பாலும் 99 ஆண்டுகளுக்குப் பெறும். விற்கும்போது மதிப்பு உயர்வில் ஒரு பகுதியைக் குடும்பம் எடுத்துக்கொள்ளும். மற்றப் பகுதி வீட்டோடு நின்று அடுத்த குடும்பத்துக்கு விலையைக் குறைக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1969 இல், நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கறுப்பின உழவர்களுக்காகச் சம உரிமைப் போராளிகள் தொடங்கிய முயற்சியிலிருந்து இம்முறை வளர்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984 இல் தொடங்கிய அறக்கட்டளை இன்று அவ்வகையில் முன்னோடியாக விளங்குகிறது.

அரசு வைத்திருக்கும் நிலத்தை ஏலத்தில் விற்காமல் குத்தகைக்குத் தருவது இன்னொரு வழி. விற்ற நிலம் ஒருமுறைதான் பணம் தரும். குத்தகை நிலம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பொதுச்சொத்தாகவே இருக்கும். சட்டத்தால் பங்கு கேட்பதும் உண்டு. பிரான்சில் 2000 ஆம் ஆண்டின் சட்டம் குறிப்பிட்ட மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகராட்சிகளில் 20 விழுக்காடு வீடுகள், குறைந்த வாடகைக்குத் தரப்படும் சமூக வீடுகளாக இருக்க வேண்டும் என்றது. 2013 இல் பெரும்பாலான இடங்களுக்கு அது 25 ஆக்கப்பட்டது. இலக்கை எட்டாத நகராட்சிகள் அபராதம் கட்டுகின்றன.

நகருக்கு வெளியே நிலம் மலிவாகக் கிடைக்கிறதே, அங்கே கட்டினால் என்ன?

அந்த மலிவின் விலையைக் குடியேறுபவர்களே பிறகு செலுத்துகிறார்கள். வேலைக்குப் போகும் தாய் நாளுக்கு மூன்று மணி நேரத்தைப் பேருந்தில் இழக்கிறாள். முதியவர் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள். இறுதியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி நெருக்கடியில் வாழ்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1991 இல், போதுமான வீடு என்பதற்கு ஏழு கூறுகளைச் சொன்னபோது, குடியிருக்கும் உரிமைக்கான சட்டப் பாதுகாப்பு, கட்டுபடியாகும் செலவு, எல்லாருக்கும் எட்டும் தன்மை ஆகியவற்றோடு அமைவிடத்தையும் சேர்த்தது. பேருந்து நிறுத்தமும் மருந்தகமும் நடைதூரத்தில் இல்லாத நிலத்தை, இலவசமாகக் கொடுத்தாலும் முதியோர் குடியிருப்புக்கு ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டுவதைவிட வாடகைக்கு உதவித்தொகை கொடுப்பது எளிதல்லவா?

காலி வீடுகள் போதிய அளவில் உள்ள இடத்தில் எளிது, விரைவானதும்கூட. வீடே பற்றாக்குறையாக உள்ள இடத்தில் உதவித்தொகை வீட்டுக்காரர்களின் வாடகையைத்தான் உயர்த்தும். மேலும், சக்கர நாற்காலி நுழையாத கதவை எந்த உதவித்தொகையாலும் அகலமாக்க முடியாது. புழங்கத்தக்க வீடுகளை யாராவது கட்டியாக வேண்டும். உதவித்தொகை அவற்றில் குடியேற வழி செய்யும்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டை மாற்றியமைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதியவர்களில் மிகப் பலர் விரும்புவதும் அதைத்தான்: பழகிய தெரு, அறிந்த முகங்கள், கண்ணை மூடிக்கொண்டும் நடக்கத் தெரிந்த வீடு. ஜப்பானில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, கைப்பிடி பொருத்துதல், தரைமட்ட வேறுபாட்டை நீக்குதல், வழுக்காத தரை அமைத்தல், கதவை நகரும் கதவாக மாற்றுதல் போன்ற வேலைகளை 2,00,000 யென் வரம்புக்குள் ஏற்கிறது. பயனாளி அதில் சிறு பங்கை மட்டும் தருகிறார். சிங்கப்பூரில் 2012 முதல் இத்தகைய திட்டம் உண்டு.

வாடகைக்குக் குடியிருப்போரின் நிலைதான் கடினம். கைப்பிடிக்காகச் சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசைய வேண்டும். மாற்றம் செய்ததற்காக வெளியேற்ற மாட்டார் என்ற உறுதியும் வேண்டும். மாற்றியமைக்கும் உதவியைப் பெறும் வீட்டுக்காரர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாடகையை உயர்த்தக் கூடாது, குடியிருப்போரைக் காலிசெய்யச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த உதவியைக் கொடுப்பதே முறை.

குறைந்த வாடகை எத்தனை ஆண்டுகளுக்கு நீடிக்கும்?

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆண்டுகளுக்குத்தான். மேலே சொன்ன அமெரிக்க வரிச்சலுகைத் திட்டத்தில் தொடக்கத்தில் 15 ஆண்டுகளே கட்டுப்பாடு இருந்தது. பிறகு அது குறைந்தது 30 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 40 வயதில் குடியேறும் ஒருவருக்கு 30 ஆண்டு முடியும்போது வயது 70. வேறு வீடு தேட மிகவும் இயலாத வயதில் வாடகை உயரும் என்பதே இதன் பொருள். பொதுப்பணம் செலவான வீடு, நிலையாகவே பொதுநோக்கத்தில் இருக்கும்படி நிலப்பத்திரத்திலேயே நிபந்தனை எழுத வேண்டும்.

வீடுகளை யாருக்கு, எந்த முறையில் ஒதுக்குவது?

விதிகளை முன்கூட்டியே எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். தகுதியுள்ளோர் மிகுதியாக இருந்தால் குலுக்கல் நடத்த வேண்டும். புழங்கத்தக்க தரைத்தள வீடுகள், அவை தேவைப்படும் குடும்பங்களுக்கே முதலில் போக வேண்டும். இணையத்தில் மட்டும் விண்ணப்பம் வாங்கினால் அந்த வீடு யாருக்குத் தேவையோ அவர்களே விடுபட்டுப்போவார்கள். குடியேறியபின் வருமானம் சற்று உயர்ந்த குடும்பத்தை உடனே வெளியேற்றுவதும் தவறு. வாடகையைப் படிப்படியாக உயர்த்தலாம். இல்லையென்றால், சம்பள உயர்வைக் கண்டு அஞ்ச வேண்டிய நிலை அந்தக் குடும்பத்துக்கு வந்துவிடும்.

அக்கம்பக்கத்தார் எதிர்த்தால்?

அவர்களுடைய கேள்விகளில் தண்ணீர், கழிவுநீர், போக்குவரத்து நெரிசல் பற்றியவை நியாயமானவை. அவற்றுக்கு எண்களோடு விடை சொல்ல வேண்டும். ஏழைகள் வந்தால் தெரு கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு அப்படிப்பட்ட விடை கிடையாது. ஆனால் அந்தத் தெருவிலேயே வயதாகிவரும் பெற்றோர், அங்கே வேலை செய்துவிட்டுத் தொலைவுக்குத் திரும்பும் தொழிலாளர் ஆகியோர் கூட்டத்தில் எழுந்து பேசும்போது நிலைமை மாறுகிறது. அவர்களை அழைத்துவருவது திட்டக்காரரின் பொறுப்பு.

வீட்டோடு பராமரிப்புச் சேவையும் தர வேண்டுமா?

சேவையைக் கட்டாயமாக்கக் கூடாது, எளிதில் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வளாகத்திலும் உதவிகளை ஒருங்கிணைக்கும் பணியாளர் ஒருவர் இருந்தால் பெரும் மாறுதல் ஏற்படுகிறது. ஓய்வூதியப் படிவத்தை நிரப்பித்தருவது, செவிலியரை வரவழைப்பது, இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று தட்டிப்பார்ப்பது ஆகியவை அவர் வேலை. அவருடைய சம்பளத்தை நடப்புச் செலவில் முதல் வரியாக எழுத வேண்டும், ஏனென்றால் சிக்கனம் தேவைப்படும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான்.

குடியேறப்போகிறவர்களுக்குத் திட்டமிடலில் என்ன பங்கு?

உருகுவே நாட்டில் 1968 இன் வீடமைப்புச் சட்டத்துக்குப்பின் வளர்ந்த பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளில், ஒவ்வொரு குடும்பமும் வாரத்துக்கு 21 மணி நேரம் கட்டுமானத்தில் உழைக்கும். கட்டடம் கூட்டுறவின் பெயரில் இருக்கும், குடும்பம் பயன்பாட்டு உரிமையைப் பெறும். சுமை தூக்க இயலாத முதியவர்களுக்குக் கணக்கு, காவல், பிள்ளைகளைக் கவனித்தல் போன்ற பணிகளைப் பிரித்துக்கொடுக்கலாம். உடலுழைப்பைக் கேட்காத திட்டங்களிலும் குடியேறப்போகிறவரின் குரல் தேவை. குளியலறையின் மாதிரி ஒன்றை மரப்பலகையில் செய்துவைத்து, ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவரை உள்ளே போய்வரச் சொன்னால், வரைபடத்தில் ஒருபோதும் தெரியாத தவறுகள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சிறு குழுவாக உள்ள நாங்கள் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நிலம் தேடப் புறப்படும் முன் மனிதர்களைக் கணக்கெடுங்கள். உங்கள் பகுதியில் வாடகை கொடுக்கத் திணறும் குடும்பங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பேருக்குப் படியேற முடியவில்லை, மாதம் அவர்களால் உண்மையாகவே எவ்வளவு தர முடியும் என்பவற்றை வீடுவீடாகச் சென்று கேட்டு எழுதுங்கள். அந்த வாடகைத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புச் சேமிப்புக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவது எவ்வளவு கடனைத் தாங்கும் என்று பாருங்கள். திட்டச் செலவுக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் மானியமாகவோ நிலமாகவோ நன்கொடையாகவோ தேட வேண்டிய தொகை. அந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கும், உபரி நிலம் வைத்திருக்கும் சமய, அற நிறுவனங்களுக்கும் செல்லுங்கள். கட்டடக் கலைஞரை அமர்த்தும்போது, அவர் கட்டிய குடியிருப்பு ஒன்றுக்கு உங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை அழைத்துச் சென்று, தெருவிலிருந்து குளியலறைவரை அவரால் பிறர் உதவியின்றிப் போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.